மணி பிளான்ட்

மணி பிளான்ட் என்பது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையாக இருக்கும் ஒரு தொற்றுக்கொடி. இதன் தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவின் சொசைட்டி தீவுக்கூட்டத்தில் உள்ள மோரேயா என்னும் சிறு தீவே இதன் தாயகம். வெப்பமண்டல நாடுகளில் தோட்டத்திலும் குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளும் மிகப் பரவலாக வளர்க்கப்படும் இலையழகுச் செடிகளுள் இதுவும் ஒன்று. சேனை, சேம்பு, கருணை ஆகியவை இதற்கு உறவுச் செடிகள்.

தமிழ்நாட்டில் இச்செடியை அறியாதவர் அரிது. சன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு கொடிகளைச் செருகி வைத்திருப்பார்கள். இதய வடிவில், உள்ளங்கை அளவில், பச்சையில் மஞ்சள் தெளித்தாற்போன்ற இலைகள். பத்து ஆண்டுகள் வைத்திருந்தாலும் இலை பெரிதாவதில்லை, பூப்பதும் இல்லை. அதுதான் அச்செடியின் இயல்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் நாம் காண்பது அதன் இளமைப் பருவத்தை மட்டுமே. இச்செடியின் பெயர்க் குழப்பம், எளிதாகப் பெருகும் தன்மை, சில நாடுகளில் அது காடுகளுக்குத் தொல்லையாக மாறியது ஆகிய அனைத்தும் அது பூக்காத, முதிராத ஒரு கொடியாகவே மனிதர் கைகளில் பயணம் செய்ததோடு தொடர்புடையவை.

பெயர்

மணி பிளான்ட் என்ற பெயர் இந்தியாவில் வழங்குவது. மற்ற நாடுகளில் இதே பெயரால் வேறு செடிகளைக் குறிப்பதும் உண்டு. எனவே இணையத்தில் தேடும்போது கவனம் தேவை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது பெரும்பாலும் 'போத்தோஸ்' எனப்படும். எளிதில் சாகாது, இருட்டிலும் பச்சை மாறாது என்பதால் 'டெவில்ஸ் ஐவி', அதாவது பேய்க்கொடி, என்றும் அழைப்பார்கள்.

போத்தோஸ் என்ற சொல்லுக்கு நமக்கு அருகிலேயே வேர் உண்டு. இலங்கையில் மரங்களில் தொற்றி ஏறும் வேறொரு கொடிக்குச் சிங்களத்தில் 'போத்தா' என்று பெயர். லின்னேயஸ் 1753-இல் அக்கொடியின் பேரினத்துக்கு அந்தச் சிங்களப் பெயரையே இலத்தீன் சாயலில் சூட்டினார். மணி பிளான்ட் இன்று அந்தப் பேரினத்தில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அதில் வைக்கப்பட்டிருந்ததால், அறிவியல் கைவிட்ட பெயரை வணிகம் விடாமல் பிடித்துக்கொண்டது.

வீட்டில் செல்வம் பெருகும், தென்கிழக்கு மூலையில் வைக்க வேண்டும், கேட்டு வாங்காமல் திருடி நட்டால்தான் நன்றாக வளரும் என்றெல்லாம் நம்பிக்கைகள் உள்ளன. இவற்றில் கடைசி நம்பிக்கைக்கு மட்டும் ஓரளவு தாவரவியல் விளக்கம் சொல்லலாம். பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கும் கொடியிலிருந்து ஒரு கணுவைக் கிள்ளிக்கொண்டு வந்தாலே செடி பிழைத்துவிடும். கேட்டு வாங்கிய கணுவும் அதே போலத்தான் வளரும்.

இளமையும் முதிர்ச்சியும்

மோரேயா போன்ற மழைக்காட்டுச் சூழலில் இவ்வகைக் கொடி தரையில் வாழ்வைத் தொடங்குகிறது. அங்கே வெளிச்சம் மிகக் குறைவு. தண்டு தரையில் ஊர்ந்து ஒரு மரத்தைத் தேடும். மரம் கிடைத்ததும் கணுக்களிலிருந்து பற்றுவேர்களை விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலேறும். உயரம் கூடக் கூட வெளிச்சம் கூடுகிறது; தண்டு பருக்கிறது; ஒவ்வொரு புதிய இலையும் முந்தைய இலையைவிடப் பெரிதாக விரிகிறது.

முழுமையாக ஏறிய கொடி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. அதன் முதிர்ந்த இலை ஒரு மீட்டர் நீளத்தையும் 45 சென்டிமீட்டர் அகலத்தையும் எட்டும். வடிவமும் மாறிவிடுகிறது. விளிம்பு முழுமையாக இராமல், நடுநரம்பை நோக்கிக் கிழிந்தாற்போல் ஆழமான பிளவுகள் தோன்றும். பழைய பூங்காக்களில் பெரிய மரங்களைச் சுற்றி முறம் போன்ற இலைகளுடன் ஏறியிருக்கும் மஞ்சள் திட்டுக் கொடியைப் பலர் பார்த்திருப்பார்கள். அது வேறொரு செடி என்றே தோன்றும். பாட்டிலில் இருப்பதும் அதுவும் ஒரே இனம்தான்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். மரத்தில் ஏறிய கொடியிலிருந்து ஒரு கிளை பிடிப்பை இழந்து காற்றில் தொங்கத் தொடங்கினால், அதில் வரும் இலைகள் மறுபடியும் சிறுத்துப்போகும். கொடி மீண்டும் தரையைத் தேடும் நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தொங்கும் தொட்டியில் வளர்க்கும்போது இலைகள் எப்போதும் சிறியனவாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிட்டுப் பயனில்லை. தென்னைநார் சுற்றிய ஒரு கோலை நட்டு, அதை ஈரமாக வைத்து, கொடியை அதில் ஏற்றினால் சில மாதங்களிலேயே இலையின் அளவில் வேறுபாடு தெரியும்.

ஏன் பூப்பதில்லை?

முதிர்ந்து மரமேறிய மணி பிளான்ட்கூட மிக அரிதாகவே பூக்கிறது. பூத்தால், சேம்புக் குடும்பத்துக்கே உரிய முறையில், படகு போன்ற ஒரு பாளைக்குள் தடித்த கதிர் ஒன்று நிற்கும். அந்தக் கதிரில்தான் சிறு பூக்கள் நெருக்கமாக அமைந்திருக்கும்.

இந்தப் பூக்காத் தன்மைக்கான காரணத்தை அமெரிக்காவின் வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு ஒன்று 2016-இல் வெளியிட்டது. தாவரங்கள் பூப்பதில் பங்கு பெறும் ஜிப்ரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கி இச்செடியில் போதிய அளவு உருவாவதில்லை. அதை உருவாக்கும் தொடர் வினைகளில் ஒரு படிக்குத் தேவையான நொதியைத் தரும் மரபணு சரியாகச் செயல்படாததே இதற்குக் காரணம். ஊக்கி இல்லாததால், பூ மொட்டு உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணுவும் விழிப்பதில்லை. ஆய்வாளர்கள் ஜிப்ரெல்லினை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூக்கும் திறன் அடியோடு அழிந்துவிடவில்லை என்பதும், அதை இயக்கும் ஊக்கிதான் இல்லை என்பதும் இதனால் தெளிவாயின.

பூவும் விதையும் இல்லாததால் இரண்டு செடிகளைக் கலப்புச் செய்து புதிய வகையை உருவாக்க வழியில்லை. கடைகளில் கிடைக்கும் வெண்திட்டு 'மார்பிள் குயின்', இளம்பச்சை 'நியான்', திட்டே இல்லாத 'ஜேட்' போன்ற வகைகள் கொடியில் தற்செயலாகத் தோன்றிய மாற்றங்களைப் பிரித்தெடுத்து வளர்ப்பதன் வழியே கிடைப்பவை. ஒரு கிளையில் மட்டும் மாறுபட்ட இலை வந்தால், தோட்டக்காரர் அந்தக் கணுவை வெட்டித் தனியே நடுவார். மாற்றம் நிலைத்து நின்றால் அது ஒரு புதிய வகை.

தாவரவியலாளர்களைச் சுற்றவைத்த செடி

ஒரு செடி எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதை முதன்மையாகப் பூவையும் கனியையும் விதையையும் பார்த்தே முடிவு செய்வார்கள். இலையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வது கடினம். மணி பிளான்டின் பெயர் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1880-இல் ழான் லிண்டன், எதுவார் ஆந்த்ரே ஆகிய இருவரும் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இச்செடியை முதன்முதலில் விவரித்து, போத்தோஸ் ஆரியஸ் என்று பெயரிட்டனர். 'ஆரியஸ்' என்றால் இலத்தீனில் பொன்னிறமானது என்று பொருள். அவர்கள் முன் பூ இல்லை. பொன்திட்டு இலைகள் மட்டுமே இருந்தன. செடி சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்று குறித்தனர். அதனால் நெடுங்காலம் சாலமன் தீவுகளே இதன் தாயகம் என்று நூல்கள் எழுதிவந்தன. மோரேயா என்பது பின்னர் தெளிந்த செய்தி. பழைய தோட்டக்கலை நூல்களில் இன்றும் முன்னதைக் காணலாம்.

1908-இல் செருமானியத் தாவரவியலாளர் அடால்ஃப் எங்ளர் இதை சிண்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார். நம் சித்த மருத்துவத்தில் பயன்படும் யானைத்திப்பிலி அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. 1960-களின் தொடக்கத்தில் ஒருமுறை செடி பூத்ததும் நிலைமை மாறியது. முதலில் ரேபிடோஃபோரா என்றார்கள். பிறகு பூவின் உள்ளமைப்பை இன்னும் நுணுகிப் பார்த்து, 1964-இல் ஜார்ஜ் பன்டிங் எபிப்ரெம்னம் பேரினத்தில் வைத்தார். ரேபிடோஃபோராவின் விதைகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுதி. எபிப்ரெம்னத்தின் விதைகள் பெரியவை, எண்ணிக்கையில் சில. அதற்குப் பின்னும், இது தனி இனமா, எபிப்ரெம்னம் பின்னேட்டம் என்னும் பரவலான இனத்தின் ஒரு தோட்ட வகையா என்ற விவாதம் நடந்தது. இப்போது தனி இனமாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு பூவைப் பார்க்க 80 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்ததன் விளைவு, நான்கு பேரினப் பெயர்கள்.

வீட்டுச் செடிகளில் இதனோடு அடிக்கடி குழம்புவது இதய இலை பிலோடென்ட்ரான். வேறுபடுத்துவது எளிது. மணி பிளான்டின் இலைக்காம்பின் மேற்புறத்தில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம் ஓடும். புதிய இலை சுருண்டபடி நேரடியாக வெளிவரும். பிலோடென்ட்ரானில் புதிய இலையை ஒரு மெல்லிய உறை மூடியிருந்து, இலை விரிந்ததும் காய்ந்து உதிரும்.

கணுவே விதை

விதை இல்லாத இச்செடி இவ்வளவு வீடுகளுக்குப் பரவியது கணுக்களின் வழியாகத்தான். இலை தண்டோடு சேரும் இடத்தில் சிறு பழுப்பு முனை ஒன்று புடைத்திருக்கும். அது வேரின் தொடக்கம். அதன் அருகிலேயே உறங்கும் மொட்டு ஒன்றும் உண்டு. கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி நீரிலோ ஈர மண்ணிலோ வைத்தால், ஓரிரு வாரங்களில் வேர் நீளும். பிறகு மொட்டு விழிக்கும். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் நீரில் வைத்தால் சில நேரம் வேர் விடலாம், ஆனால் கொடி வராது. புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இவ்வாறு பெருகும் ஒவ்வொரு செடியும் மரபியல் நோக்கில் தாய்ச்செடியின் நகல்.

வெளிச்சம் நேரடி வெயிலாக இல்லாமல், சன்னல் வழியே பரவி வருவதாக இருந்தால் நல்லது. உச்சி வெயில் இலையைக் கருக்கும். வெளிச்சம் மிகக் குறைந்தால் செடி சாகாது. ஆனால் இலைகளில் பொன்திட்டு குறைந்து பச்சை மிகும். திட்டுப் பகுதியில் பச்சையம் குறைவு. ஆகவே குறைந்த வெளிச்சத்தில் செடிக்கு அது கட்டுப்படியாகாத அழகு. வெண்மை மிகுந்த வகைகள் மெதுவாக வளர்வதற்கும் இதுவே காரணம்.

மண்ணில் வளர்த்தால், மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும். வீட்டு மணி பிளான்ட் பெரும்பாலும் நீர் இல்லாமல் சாவதில்லை. நீர் மிகுந்து வேர் அழுகியே சாகிறது. அடி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் ஐயம் வேண்டாம், நீரை நிறுத்திவிட வேண்டும்.

பாட்டிலில் வளர்ப்பவர்களுக்கு வேறொரு பொறுப்பு உண்டு. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கியிருக்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை பொரிந்து பறக்கும் கொசுவாவதற்கு நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறையேனும் நீரை முழுவதுமாகக் கொட்டி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுநீர் ஊற்ற வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரை மட்டும் மாற்றினால் போதாது. வாயில் சிறிது பஞ்சோ துணியோ அடைத்து வைப்பதும் உதவும்.

காற்றைத் தூய்மையாக்குமா?

நாற்றுப் பண்ணைகளின் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி இது. இதன் தொடக்கம் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை. விண்கலம் போன்ற மூடிய இடங்களில் செடிகளால் பயன் உண்டா என்பதை அறிய, பி. சி. வோல்வர்ட்டன் தலைமையில் நடந்த ஆய்வு அது. காற்றுப் புகாத சிறு அறைப்பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற ஆவிகளைச் செலுத்தி அளந்தார்கள். ஆவி குறைந்தது உண்மை. ஆனால் நம் வீடு காற்றுப் புகாத பெட்டி அன்று.

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இதுபோன்ற 12 ஆய்வுகளில் இடம்பெற்ற 196 சோதனைகளை 2019-இல் ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டனர். சாதாரணக் கட்டடத்தில் கதவு, சன்னல், இடுக்குகள் வழியே நடக்கும் காற்றோட்டம் நீக்கும் அளவு மாசைச் செடிகளைக் கொண்டு நீக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்பது அவர்களின் முடிவு. பத்துக்குப் பத்து அடி அறைக்குக் குறைந்த கணக்கிலேயே 90-க்கும் மேல் செடிகள் வேண்டும். மனிதர் உட்கார இடமிருக்காது. காற்று நன்றாக இருக்க வேண்டுமானால் சன்னலைத் திறப்பது மேல்.

இதே கேள்வியை வேறு வழியில் அணுகிய ஆய்வும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2018-இல், முயலின் மரபணு ஒன்றை மணி பிளான்டில் செலுத்தியது. பாலூட்டிகளின் கல்லீரலில் பென்சீன், குளோரோஃபார்ம் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அது. மூடிய குப்பிகளில் வைத்துச் சோதித்தபோது, மூன்று நாளில் குளோரோஃபார்ம் 82 விழுக்காடு குறைந்தது. சாதாரணச் செடி இருந்த குப்பியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதையும் வீட்டில் பயன்படுத்த, செடியின் மேல் காற்றைச் செலுத்தும் விசிறி அமைப்பு தேவை என்று அக்குழுவே கூறியுள்ளது. இச்செடியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதியும் இருந்தது: பூக்காத செடி என்பதால், புகுத்திய மரபணு மகரந்தத்தின் வழியே வேறு செடிகளுக்குப் பரவும் அச்சம் குறைவு.

காறல்

சேனையை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத சேம்பைத் தின்றால் தொண்டை காறுவதும் நாம் அறிந்தவை. அதே பொருள் மணி பிளான்டிலும் உண்டு. இலை, தண்டு இவற்றின் உயிரணுக்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நுண்ணிய ஊசிக் கட்டுகளாக அடுக்கப்பட்டுள்ளன. கடித்து மெல்லும்போது அவை வெளிப்பட்டு வாயின் மென்மையான தோலில் குத்துகின்றன. எரிச்சல், எச்சில் வடிதல், உதடும் நாக்கும் வீங்குதல், சில நேரம் வாந்தி ஆகியவை தோன்றும். பூனை, நாய்களுக்கும் இதே தொல்லை ஏற்படும்.

பொதுவாக இது உயிருக்கு ஊறு செய்வதில்லை. குழந்தை மென்றுவிட்டால், வாயில் எஞ்சிய துண்டுகளைத் துடைத்தெடுத்து, வாயைக் கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ கொடுக்கலாம்; வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்க முடியாமலோ மூச்சுவிடத் திணறியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் செடியை வைப்பது எளிய தீர்வு. கொடி கீழே தொங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தோட்டத்தைத் தாண்டிய கொடி

சாகாத செடி என்பது வீட்டுக்குள் நற்பண்பு. காட்டுக்குள் அதுவே ஆபத்து. தெற்காசியா, தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா, ஹவாய், மேற்கிந்தியத் தீவுகள் எனப் பல இடங்களில் இது தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுச் செடியாகிவிட்டது. இலங்கையின் கண்டி நகரில், தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே சரணாலயம் இதற்குத் தெளிவான சான்று. அங்கே 20-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட இக்கொடி 20 ஏக்கருக்கும் மேல் பரவி, காட்டுத் தரையை மூடி, மரங்களின் அடிப்பகுதியையும் போர்த்தியிருக்கிறது. முறம் போன்ற இலைகளுக்கு அடியில் உள்நாட்டு மரங்களின் நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. இவை அனைத்தும் ஒரு விதைகூட இல்லாமல் நடந்தவை.

களைந்தெடுப்பதிலும் கணுவே சிக்கல். கையால் இழுக்கும்போது தண்டு அறுந்து, மண்ணில் தங்கும் ஒவ்வொரு கணுவும் மறுபடி முளைக்கிறது. மரத்திலிருந்து அறுத்துக் கீழே போட்ட கொடியும், ஈரத் தரையில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும். ஆகவே வீட்டில் கத்தரித்த மணி பிளான்ட் துண்டுகளை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ குப்பையோடு எறியாமல், சிமெண்டுத் தரையில் பரப்பி, தண்டு ஒடியும் பதத்துக்கு வெயிலில் காய்ந்த பிறகே எருக்குழியில் இட வேண்டும். மழைக்காலமானால் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, சில வாரம் வெயில் படும் இடத்தில் வைத்து அழுக விட்ட பிறகு கொட்டலாம்.